ஆறாவது புத்தகத்தின் உடைந்த கோப்பை

போன மாதம் நிவேதா தொலைபேசியில் கூப்பிட்டாள். நான் ஓய்வு பெற்று வந்த பதிப்பகத்தில் என் இடத்துக்கு வந்திருக்கும் சென்னைப் பெண். கெட்டிக்காரி. அவளுக்கு உதவியாக இப்போது ஒரு மென்பொருளும் இருக்கிறது.

“ஆன்ட்டி, ஒரு டவுட். ஹனோரா சீரீஸ் ஆறு புக்கையும் புது எடிஷன் போடறோம். சாஃப்ட்வேர்ல ஓட விட்டேன். ஆறாவது புக்ல, இருபதாவது சாப்டர்ல ஒரு கப் உடைஞ்சு சுக்குநூறாப் போகுது. கடைசிப் பக்கத்துல அதே கப்புல டீ குடிக்கிறாங்க. இத எப்படி மிஸ் பண்ணீங்க?”

“நான் மிஸ் பண்ணேல்லை, பிள்ளை.”

“அப்போ தெரிஞ்சே விட்டீங்களா?” அவளுடைய குரலில் அதிர்ச்சி. “நான் மாத்திடவா? ரெண்டு நிமிஷ வேலை.”

“அதிலை கை வைக்காதையும். நான் எழுதித் தாறன்.”

இரண்டு வரி மின்னஞ்சலைத்தான் அவள் எதிர்பார்த்திருப்பாள். இரண்டு வரியில் சொல்லக்கூடிய விஷயமாக இருந்திருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன். அவளுக்கு அனுப்பத்தான் இதை எழுதுகிறேன்.

கதைகளில் பிழை பிடிப்பது என் வேலையாக இருந்தது. எழுத்துப்பிழை அல்ல, அதற்கு வேறு ஆட்கள் இருந்தார்கள். மூன்றாம் அத்தியாயத்தில் நீலக் கண்ணோடு வந்தவன் பதினெட்டாம் அத்தியாயத்தில் பழுப்புக் கண்ணோடு காதல் சொல்கிறானா, அமாவாசையன்று நிலா வெளிச்சத்தில் கொலை நடக்கிறதா, இறந்தவர் கதவைத் திறக்கிறாரா என்று பார்ப்பது. எங்கள் பதிப்பகம் பெரும்பாலும் ஒரே வகை நாவல்களைத்தான் போட்டது. விக்டோரியா மகாராணி காலத்து லண்டன், மூடுபனி, வாயு விளக்கு, பூட்டிய அறைக்குள் ஒரு பிணம். அந்தப் பிணத்துக்கு இரண்டு பக்கமும் ஓர் ஆணும் பெண்ணும். ஒருவரை ஒருவர் கண்ணிலும் காட்டக்கூடாது என்று நின்று, கடைசியில் தவிர்க்கவே முடியாமல் விரும்பிவிடுகிறவர்கள். “கதைப் புத்தகம் வாசிக்கிறதும் ஒரு வேலையோ?” என்று நான் குடியிருந்த பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் எங்கள் சனம் கேட்கும். நான் ஓம் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவேன்.

இந்த வேலைக்கு நான் படித்து வரவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து பிரெஞ்சு பேசும் இந்த நகரத்துக்கு அகதியாக வந்து, சென்ட் லோரன்ட் பகுதியில் இதே பதிப்பகத்தின் கிடங்கில் பெட்டி கட்டினேன். சேதமாகித் திரும்பி வரும் புத்தகங்களை மதியச் சாப்பாட்டு நேரத்தில் வாசிப்பேன். ஒரு கதையில் வலது கை முறிந்தவன் மறுநாளே அதே கையால் உயில் எழுதினான். பொறுக்க முடியாமல் ஒரு துண்டுக் காகிதத்தில் அதை எழுதி, மேலே அலுவலகத்துக்குப் போகும் பையில் போட்டுவிட்டேன். இரண்டு நாள் கழித்து, சாம்பல் நிற ஸ்வெட்டர் போட்ட ஓர் அம்மா அந்தத் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு கிடங்குக்குள் வந்து, “இதை எழுதியது யார்?” என்று பிரெஞ்சில் கேட்டார். வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். அவர்தான் மதாம் ஒடெட். அடுத்த இருபத்தைந்து வருடம் அவர்தான் என் மேலதிகாரி.

மதாம் ஒடெட் ஒரு பிரதியை எடுத்தால் முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைப்பார். கதைக்குள் ஒரு நேரம் ஓடுகிறது, கையில் இன்னொரு நேரம் எதற்கு என்பார். உட்கார்ந்து வாசிக்கமாட்டார். ஜன்னல் ஓரம் நின்றபடி, ஒவ்வொரு பக்கமாக முகம் குப்புறக் கவிழ்த்து வைத்துக்கொண்டே போவார். பிரெஞ்சில் ‘நல்லது’ என்பதற்கு ‘பொன்’. நல்ல பக்கத்துக்கும் ‘பொன்’, மோசமான பக்கத்துக்கும் ‘பொன்’. எந்தப் பொன் எது என்று பிடிபட எனக்கு இரண்டு வருடம் எடுத்தது.

அவர் எனக்கு மூன்று பென்சில் தந்தார். ஒவ்வொரு நாவலுக்கும் நீளமாக ஒட்டிய காகிதத்தில் மூன்று கோடு இழுக்க வேண்டும். சிவப்பு, யாருக்கு என்ன தெரியும், எப்போது தெரிந்தது என்பதற்கு. நீலம், நாள், கிழமை, மழை, நிலா. பச்சை, உடம்புக்கும் உடைக்கும் பொருளுக்கும். கதை முடியும்போது அந்தக் காகிதச் சுருள் ஒரு சேலை நீளம் வரும்.

விதி ஒன்றே ஒன்று. பிழை கண்டால் திருத்தக்கூடாது. ஓரத்தில் கேள்வியாக எழுத வேண்டும். ‘ஆசிரியர் கவனிக்க: இவர் நான்காம் அத்தியாயத்தில் இறந்துவிட்டார் அல்லவா?’ என்பதுபோல. “நாம் கேட்கிறோம், மதாம் மலர். பதில் சொல்வது அவர்கள். பதிலையும் நீங்களே சொல்லிவிட்டால் புத்தகம் யாருடையது?” என்றார். நான் தலையாட்டினேன். பல வருடம் அப்படியே நடந்தும் கொண்டேன்.

ஹனோரா கதைகளை எழுதியவரை இங்கே மிஸ் கிளே என்று அழைக்கிறேன். அது அவருடைய பெயரும் அல்ல, புனைபெயரும் அல்ல. இல்-பிசார் தீவில் ஆற்றங்கரையில் தனியாக இருந்தார். நான் அவரைப் பார்த்ததில்லை. பிரதி வரும், என் கேள்விகள் போகும், ஊதா மையில் பதில் வரும். ‘இவர் இறந்துவிட்டார் அல்லவா?’ என்று நான் கேட்டதற்கு ஒருமுறை, ‘ஐயோ, ஆமாம். அவருக்குச் சொல்லிவிடுகிறேன்’ என்று எழுதியிருந்தார். அந்தக் கைப்பட எழுதிய வரிகளை நான் எறிந்ததே இல்லை.

ஹனோரா ஒரு விதவை. முதல் புத்தகத்தில் முழுக் கறுப்பு. அந்தக் காலத்து வழக்கப்படி புத்தகத்துக்குப் புத்தகம் கறுப்பு குறைந்து, சாம்பலாகி, ஆறாவதில் இளம் ஊதா. விதவைக்கு நிறம் திரும்பி வரும் என்ற சங்கதியே எனக்குப் பெரிய புதினமாக இருந்தது. பச்சைப் பென்சிலால் அதைக் குறிக்கும்போது மனதுக்குள் ஏதோ செய்யும். இன்ஸ்பெக்டர் க்ரேல் ஒவ்வொரு புத்தகத்தின் முடிவிலும் கொலைகாரனைப் பிடித்துவிட்டு, அவளுடைய வரவேற்பறையில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்று, கல்யாணம் செய்துகொள்வாயா என்று கேட்பார். ஒவ்வொரு முறையும் அவள், “தேநீர் ஆறிவிட்டது, இன்ஸ்பெக்டர்” என்பாள். அவ்வளவுதான் பதில். அவர் போய்விடுவார். ஐந்து புத்தகமாக இதே பதில். ஆறாவதுதான் கடைசி என்று அறிவித்திருந்தார்கள். வாசகர்கள் கொலைகாரனைப் பற்றிக் கவலைப்படவே இல்லை.

என் குற்றம் ஐந்தாவது புத்தகத்தில் தொடங்கியது. அந்தப் பிரதியில் பிழைகள் மழைக்கால ஈசல்போல வந்தன. செத்த வேலைக்காரி தேநீர் கொண்டுவந்தாள். ஒருவருக்கு இரண்டு பெயர். முந்திய நான்கிலும் சேர்த்து அவ்வளவு பிழை இருந்ததில்லை. கேள்வி எழுதப் பென்சிலை எடுத்தேன். கை ஓடவில்லை. எங்கள் பழக்கம் தெரிந்ததுதான். பெரியவர் ஒருவர் சபையில் பிழையாகச் சொன்னால் காது கேளாததுபோல இருப்போம், பிறகு சத்தமில்லாமல் சரிசெய்துவிடுவோம். அதுதான் மரியாதை. இவ்வளவு பெரிய எழுத்தாளருக்கு, ‘இதுவும் பிழை, அதுவும் பிழை’ என்று பக்கம் பக்கமாக எப்படி அனுப்புவது? அப்போது பிரதிகளைக் கணினியில் ஏற்றியிருந்தார்கள், திருத்தினால் தடம் தெரியாது. வேலைக்காரிக்கு வேறு பெயர் வைத்தேன். கிழமைகளை நேராக்கினேன். நாலைந்து கேள்வி மட்டும் ஒப்புக்கு அனுப்பினேன். புத்தகம் வந்தது, ஒரு பிசகும் இல்லாத கதை என்று எல்லோரும் பாராட்டினார்கள். நானும் உள்ளுக்குள் பூரித்தேன்.

ஒன்றரை வருடம் கழித்து ஆறாவது பிரதி வந்தது. பழகிய கை பழகியபடி வேலை செய்தது. வரவரத் திருத்திக்கொண்டே போனேன். இருபத்திரண்டாம் அத்தியாயத்தில் குடும்ப வக்கீல், கொலையைத் தான்தான் செய்ததாக ஒப்புக்கொண்டார். இருபத்துநான்கில் அதே கொலைக்கு டாக்டரைக் கைது செய்தார்கள். இருபத்தைந்தில் க்ரேல் கல்யாணம் கேட்டார், ஹனோரா மறுத்தாள். இருபத்தாறில் மறுபடியும் கேட்டார், மறுத்தாள். இருபத்தேழில் மறுபடியும். அதோடு பிரதி முடிந்துவிட்டது.

அந்த மூன்று காட்சிகளையும் பல தடவை வாசித்தேன். மூன்றும் வெவ்வேறு, மூன்றும் அழகு. ஒன்றில் அவள் சொல்வதற்கு முன் மணிக்கூட்டைப் பார்க்கிறாள், ஒன்றில் அவருடைய நனைந்த கோட்டை, ஒன்றில் தன் கையை. எழுதியவருக்கு முதல் காட்சியை எழுதியது மறந்துபோயிருந்தது, ஆனால் எழுதத் தெரிந்தது துளியும் குறையவில்லை. எனக்கு உடம்பு சிலிர்த்தது. அதற்குப் பிறகுதான் பயம் வந்தது. அவருக்கு நினைவு போய்க்கொண்டிருந்தது. ஐந்தாவது புத்தகத்திலேயே அது தொடங்கியிருந்தது. அதை உலகத்துக்குத் தெரியாமல் மூடி வைத்தது நான்.

மதாம் ஒடெட்டிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்.

“நீங்கள் அவருக்கு உதவி செய்யவில்லை” என்றார். “அவர் மறைந்து போய்க்கொண்டிருந்தார். நீங்கள் திரையைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். அன்றைக்கே தெரிந்திருந்தால் கடைசிப் புத்தகத்தை அப்போதே எழுதச் சொல்லியிருப்பேன்.”

அழுகை வந்துவிட்டது. அவர் அதைப் பார்க்காததுபோல ஜன்னலுக்குப் போனார். நிர்வாகம் என்ன செய்யும் என்பது இருவருக்கும் தெரியும். வேறு ஓர் எழுத்தாளரை வைத்து முடிவை எழுதுவிப்பார்கள். அட்டையில் மிஸ் கிளேயின் பெயர் இருக்கும். ஆறு புத்தகமாகக் காத்திருந்த அந்தச் சம்மதத்தை ஹனோராவைத் தெரியாத யாரோ ஒருவர் சொல்ல வைப்பார்.

“நான்கு வாரம் வாங்கித் தருகிறேன்” என்றார் ஒடெட். “அவர் வீட்டுக்குப் போங்கள். கேளுங்கள். கேட்பது மட்டும்தான், மதாம் மலர்.”

இல்-பிசாருக்கு பஸ் குறைவு. என் கணவர்தான் காரில் கூட்டிக்கொண்டு போனார். கோடைகாலம். எதிர்க்கரை லவாலுக்குப் போகும் படகு ஆளையும் காரையும் ஏற்றிக்கொண்டு ஆற்றைக் கடந்து போய் வந்துகொண்டிருந்தது.

“இஞ்சேரும், ஆரப்பா கொலைகாரன்?” என்று கேட்டார். ஒவ்வொரு புத்தகத்துக்கும் கேட்பார், நான் சொல்லமாட்டேன்.

“எனக்கே தெரியாதப்பா. எழுதினவவுக்கும் தெரியாதாம்.”

“அப்ப ஆருக்குத்தான் தெரியும்?” என்றார். சிரிக்கவும் முடியவில்லை.

மிஸ் கிளே மெலிந்து உயரமானவர். தலைமயிரை ஒழுங்காக வாரி, கம்பளிச் சால்வையை ஊசியால் குத்தியிருந்தார். என்னை வரவேற்றார், என் பெயரைக் கேட்டார். அந்தப் பிற்பகலில் நான்கு தடவை கேட்டார், நான்கு தடவையும் அதே மரியாதையோடு. ஆறு சுருளையும் வரவேற்பறைத் தரையில் பக்கம் பக்கமாக விரித்தேன். அவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, காலுறையோடு முதல் சுருளின் தொடக்கத்திலிருந்து நடந்து வந்தார். குனிந்து வாசிப்பார், சிரிப்பார், நின்றுவிடுவார்.

“இதையெல்லாம் யார் எழுதியது?”

“நீங்கள்தான்.”

“கெட்டிக்காரி” என்றார், வேறு யாரையோ மெச்சுவதுபோல.

ஆறாவது புத்தகத்தின் கதை இதுதான். ஒரு பணக்காரர் புதன்கிழமை இரவு மருந்து மாறியதில் திடீரென இறந்துபோகிறார். வீட்டில் வக்கீல், டாக்டர், இறந்தவரின் மைத்துனி ஆகத்தா. மிஸ் கிளே சிவப்புக் கோட்டைத் தொடர்ந்து போனார். வக்கீலுக்குக் காரணம் இருந்தது, சந்தர்ப்பம் இல்லை. டாக்டருக்குச் சந்தர்ப்பம் இருந்தது, காரணம் இல்லை. ஒன்றும் பொருந்தவில்லை. இரண்டாவது வாரமும் அப்படியே போனது. மூன்றாவது வாரம் அவர் களைத்து, “இந்தப் பெண் ஏமாற்றிவிட்டாள். இவளிடம் பதிலே இல்லை” என்றார். இவள் என்றது தன்னை.

அன்று புறப்பட நான் சுருள்களைச் சுற்றத் தொடங்கியபோது, ஆறாவது சுருளின் மேல் காலை வைத்துத் தடுத்தார். ஆறாம் அத்தியாயத்தில் ஒரு பெட்டி வருகிறது. சாவு வீட்டுக்கென்று ஆகத்தா கடையில் சொல்லி வரவழைத்த கறுப்புத் துணிகள். கறுப்பு நாடா, மடிப்புக்குள் கற்பூர வாசம், மூடியில் கடையின் முத்திரை.

“இது எத்தனை வரி?” என்றார்.

பிரதியைப் பார்த்தேன். “அரைப் பக்கம்.”

“வியாழக்கிழமை வந்திருக்கிறது. புதன் இரவு சாவு, வியாழன் துணி. எல்லா வீட்டிலும் நடப்பதுதானே.” நெற்றியைச் சுருக்கினார். “ஒரு பெட்டிக்கு அரைப் பக்கம் கொடுக்கிறவள் இல்லை நான். எதற்காகக் கொடுத்தேன்?”

அந்த வியாழக்கிழமை என்னுடையது. அவர் எழுதியது செவ்வாய். சாவுக்கு முதல்நாள் சாவுத் துணி வருமா, பாவம் குழம்பிவிட்டார் என்று நினைத்து, ஒரு கணமும் யோசிக்காமல் வியாழன் ஆக்கியிருந்தேன். அந்த நிமிடம்வரை திருத்திய ஞாபகம்கூட வரவில்லை. மதாம் ஒடெட்டிடம் எல்லாவற்றையும் சொன்னேன் என்றேனே, இதைச் சொல்லவில்லை.

அவருடைய முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, “நீங்கள் செவ்வாய் என்றுதான் எழுதியிருந்தீர்கள். பிழை என்று நினைத்து நான் மாற்றிவிட்டேன்” என்றேன்.

“செவ்வாய்” என்றார் மெதுவாக. பிறகு இன்னொரு தடவை, “செவ்வாய்.”

நாற்காலியைப் பிடித்து முழங்காலில் இறங்கினார். என் பையிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்து, வியாழனை அடித்து, பெட்டியிலிருந்து ஒரு கோடு இழுத்தார். அந்தக் கோடு ஆகத்தாவின் பெயரைத் தொட்டு, மருந்து மாறிய இடத்துக்குப் போய், வக்கீல் ஏன் பொய்யாக ஒப்புக்கொண்டார் என்பதற்குப் போய், நிற்காமல் ஓடியது. சாவு வருமுன்பே சாவுத் துணிக்குச் சொல்லிவிட்டாள், ஏனென்றால் சாவு எந்த நாள் என்று அவளுக்குத் தெரியும். தான் புதைத்த இடத்தை மறந்துபோன ஒருவர், புதையலைத் தன் புத்தியால் மட்டும் தேடிக் கண்டெடுத்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். என் பெயரை மறந்துபோகிற அதே தலை. என் வாழ்நாளில் கோயிலிலும் நான் அப்படிக் கைகட்டி நின்றதில்லை.

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “கொலைகாரியை என் கையிலிருந்து பறித்துவிட்டீர்களே.” கோபம்தான். பிறகு, “நல்லவேளை, திருப்பித் தந்துவிட்டீர்கள்” என்றார்.

எஞ்சிய நாட்களில் அவர் எழுதினார். நான் பிற்பகலில் போவேன், அவர் காலையில் எழுதியதைச் சுருளில் ஏற்றுவேன், மறந்ததைக் கேள்வியாகக் கேட்பேன். ஆகத்தா பிடிபட்டாள். கடைசிக் காட்சி மட்டும் மிச்சம். அதில்தான் தடுக்கிக்கொண்டே இருந்தார். “ஹனோரா ஏன் மறுக்கிறாள்?” என்று என்னிடம் கேட்டார். எனக்கு ஒரு பதில் இருந்தது. ஆறு புத்தகமாக அவளோடு இருந்தவள் நான், இருக்காதா? நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

“தேநீர் உண்மையிலேயே ஆறிவிடுகிறதா?” என்று மட்டும் கேட்டேன்.

அவர் பேனாவைத் தேடி எடுத்தார். என்னைப் போகச் சொன்னார்.

மறுநாள் இரண்டு பக்கம் மேசையில் இருந்தது. க்ரேல் தொப்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். இந்த முறை கேட்கவில்லை. ஐந்து தடவை கேட்டுக் களைத்த மனிதர், கதவைப் பார்த்துத் திரும்பியபடி, “உங்கள் தேநீர் ஆறிவிட்டது” என்று தானே சொல்லிவிடுகிறார். ஹனோரா நீல விளிம்புக் கோப்பையை எடுத்து, ஆறிப்போன தேநீரைக் கடைசிச் சொட்டுவரை குடிக்கிறாள். அவர் தொப்பியை மேசையில் வைக்கிறார்.

மதாம் ஒடெட் அந்த இரண்டு பக்கத்தை ஜன்னலோரம் நின்று வாசிக்கத் தொடங்கினார். இரண்டாம் பக்கத்தில் கையால் நாற்காலியைத் தேடி, உட்கார்ந்தார். ‘பொன்’ சொல்லவில்லை. காரில் நான் அந்த முடிவைச் சொன்னபோது என் கணவர், “இவ்வளவு நாளும் நான் தேவையில்லாமல் கொலைகாரனை விசாரிச்சுக்கொண்டு இருந்திருக்கிறன்” என்றார்.

ஆனால் என் கடமை முடியவில்லை. அந்த நீல விளிம்புக் கோப்பை இருபதாம் அத்தியாயத்தில் க்ரேலின் கை தட்டி விழுந்து நொறுங்கிப் போயிருந்தது. என் பச்சைக் கோட்டில் அது தெளிவாக இருந்தது. வேறொரு கோப்பை என்று மாற்ற ஒரு சொல் போதும். பழைய மலர் என்றால் மாற்றியிருப்பாள். நான் ஓரத்தில் எழுதினேன். ‘ஆசிரியர் கவனிக்க: இந்தக் கோப்பை இருபதாம் அத்தியாயத்தில் உடைந்துவிட்டது அல்லவா?’

நான் அவருக்கு அனுப்பிய கடைசிக் கேள்வி அதுதான். புத்தகம் வெளிவந்து அடுத்த பனிக்காலத்துக்குள் மிஸ் கிளே காலமானார். அவருக்கு அந்தக் கோப்பை உடைந்தது உண்மையில் நினைவிருந்ததா, என் கேள்வியைப் பார்த்துத்தான் தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் விரும்பவில்லை. புத்தகம் அச்சுக்குப் போகுமுன் அவருடைய பதில் வந்தது. எழுத்து நடுங்கியிருந்தது, மை அதே ஊதா. அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து இதோடு அனுப்புகிறேன், நிவேதா. உம்முடைய மென்பொருளுக்கும் காட்டும்.

‘ஆம், உடைந்துவிட்டது. ஆனாலும் அவள் அதில்தான் குடிப்பாள்.’